ஷிஃப்டில் இருந்தவர்களின் பட்டியல்

பாலகுமார் ஜாக்கிரதையான ஆள். ஆபீசுக்குக் கிளம்பிப் பாதிப் படி இறங்கியவன், கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று மறுபடி மாடியேறிப் பார்த்துவிட்டுத்தான் போவான். வாணியம்பாடியிலிருந்து பெங்களூருக்கு வந்து, ஓசூர் ரோட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து, பொம்மனஹள்ளியில் காந்தாக்கா வீட்டு மாடி அறையில் குடியேறி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அது 2001ஆம் வருஷம். இவனைப் போன்ற ஜாக்கிரதைக்காரர்கள் தப்பே செய்ய மாட்டார்கள் என்று ஊர் நம்புகிறது. அந்த நம்பிக்கையில்தான் காந்தாக்காவும், அவள் மகளோடு வேலை பார்த்த வனஜாவும் அந்தக் காரியத்தை அவன் கையில் கொடுத்தார்கள்.

காந்தாக்காவின் ஒரே மகள் அனுஷா, அடுத்த தெருவில் இருந்த ஒரு கார்மென்ட்ஸ் ஃபாக்டரியில் இஸ்திரிப் பிரிவில் வேலை பார்த்தவள். இருபது வயது. பிப்ரவரியில் ஒருநாள் அங்கே நீராவிக் குழாய் வெடித்தது. முன்பக்கம் முழுக்கக் கொதிக்கும் ஆவி. எல்லாரும் பின்கதவுக்கு ஓடினார்கள். அது வெளியே பூட்டியிருந்தது. துணி திருடிக்கொண்டு போகிறார்கள் என்று அதை எப்போதும் பூட்டியே வைத்திருப்பார்கள். கதவு திறந்தபோது அனுஷா பிழைக்கிற நிலையில் இல்லை. நிர்வாகமோ, அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது, அந்தப் பெண்தான் பயத்தில் தப்பான பக்கம் ஓடிவிட்டாள் என்று எழுதிக் கொடுத்தது. மறுவாரமே கொண்டியைக் கழற்றி, ஆணி ஓட்டைகளில் மக்கு அடைத்து, மேலே பச்சைப் பெயிண்டும் அடித்துவிட்டார்கள். வெட்கம் என்று ஒன்று இருந்தால் பெயிண்டாவது கொஞ்சம் பழசாகத் தெரிகிற மாதிரி அடித்திருப்பார்கள்.

காந்தாக்கா நஷ்டஈடு பற்றி யாரிடமும் பேசவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. "கதவு பூட்டியிருந்துச்சுன்னு சர்க்கார் காயிதத்துல எழுதணும். எம் பொண்ணு புத்திகெட்டு ஓடினான்னு எழுதக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். விசாரணை நடந்தது. அன்றைக்கு ஷிஃப்டில் இருந்த அத்தனை பெண்களுக்கும் கதவு பூட்டியிருந்தது தெரியும். ஆனால் வாய் திறந்தால் வேலை போகும். இந்த ஃபாக்டரியில் மட்டுமல்ல, ஓசூர் ரோட்டில் எந்த ஃபாக்டரியிலும் கேட்டுக்குள் விட மாட்டார்கள்.

அதே பிரிவில் பொத்தான் பார்க்கும் வனஜா அன்றைக்கு லீவில் இருந்தவள். அவள்தான் ஒவ்வொருத்தியாகப் பேசிச் சம்மதிக்க வைத்தாள். அவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்கக் கூடாது. வனஜா நோட்டில் எழுதுவாள், பிரவுசிங் சென்டருக்குப் போய் இங்கிலீஷில் டைப் அடித்து ஃபிளாப்பியில் ஏற்றுவாள், பிறகு அந்த நோட்டுப் பக்கங்களைக் கிழித்து, அடுத்து வாக்குமூலம் தர வந்தவள் கண்ணெதிரே காந்தாக்காவின் அடுப்பில் போட்டு எரிப்பாள். அதைப் பார்த்த பிறகுதான் அடுத்தவளுக்கு வாய் வரும். இப்படி இரண்டரை மாதத்தில் அறுபத்தோரு பேர் சொன்னார்கள்.

ஃபிளாப்பியைப் பாலகுமார் வாங்கி, எஸ்.பி. ரோட்டில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த தன் கம்ப்யூட்டரில் காப்பி எடுத்துக்கொண்டு, உடனே துடைத்துக் கொடுத்துவிடுவான். பெயர்கள் ஊர்சுற்றக் கூடாது என்பதில் வனஜாவைவிட அவனுக்குத்தான் பிடிவாதம் அதிகம். இன்னொரு காப்பி ஆபீசில் வைக்கலாமா என்று வனஜா ஒருதடவை கேட்டதற்கு, ஒரே இடத்தில் இருந்தால்தான் பத்திரம் என்று அரைமணி நேரம் பாடம் எடுத்தான்.

ஆஸ்டின் டவுனில் இருந்த வக்கீல் வைத்தீஸ்வரன் விசாரணை அதிகாரியிடம் பேசி ஒரு வழி செய்திருந்தார். வாக்குமூலங்களில் பெயருக்குப் பதில் எண் இருக்கும். அதை நிர்வாகம் பார்க்கலாம். எந்த எண் யார் என்கிற பட்டியலை சீல் வைத்து அதிகாரியிடம் மட்டும் கொடுக்க வேண்டும். அவர் ஒவ்வொருத்தியையும் தனியாக அழைத்து, இது நீ சொன்னதுதானா என்று கேட்டுக்கொள்வார். அவர் ஒருத்தருக்கு மட்டும் தெரிந்தால் சரி என்று பெண்களும் அரைமனதாக ஒத்துக்கொண்டிருந்தார்கள். கடைசி நாள் புதன்கிழமை, காலை பதினோரு மணி. அதற்கு மேல் ஒருநாளும் கிடையாது என்று அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார்.

பெயரை எண்ணாக மாற்றுகிற வேலையைப் பாலகுமார் ஞாயிற்றுக்கிழமை காலை எடுத்துக்கொண்டான். பட்டியல் ஏற்கெனவே இருந்தது. அன்றைய ஷிஃப்டில் இருந்த எல்லாருடைய பெயரும், ஃபாக்டரி ரிஜிஸ்டரில் இருந்த வரிசைப்படி வனஜா ரகசியமாகப் பார்த்து எழுதி வந்தது. அதையும் ஒரு கோப்பாக அடித்து, பெயருக்குப் பக்கத்தில் எண் போட்டு, மற்றக் கோப்புகளோடு அதே ஃபோல்டரில் வைத்திருந்தான்.

இதற்கு அவன் பெர்ல் என்கிற ஸ்கிரிப்ட் மொழியை நம்பினான். பத்துப் பன்னிரண்டு வரிதான். முதலில் பட்டியலைப் படித்துக்கொள்ளும். பிறகு அந்த ஃபோல்டரில் இருக்கிற ஒவ்வொரு டெக்ஸ்ட் கோப்புக்குள்ளும் போய், பெயர் எங்கே வந்தாலும் அங்கே அதற்குரிய எண்ணை வைத்துவிடும். புதுக் கோப்பு எதுவும் உண்டாகாது, இருக்கிற கோப்பே இருக்கிற இடத்தில் மாறிவிடும். மாறிய பிறகு பழையது வேண்டும் என்றால் கிடைக்காது. அதனால் ஜாக்கிரதைக்காரன் ஒரு சின்னச் சேர்க்கை செய்வான். மாற்றுவதற்கு முன் பழைய கோப்பை அதே பெயரில், பின்னால் ‘பேக்’ என்று ஒரு வால் ஒட்டி ஓரமாக வைத்துவிடு என்று சொல்லிவிடுவான். பாலகுமார் சொல்லியிருந்தான். அது இல்லாமல் இந்த வேலையைச் செய்கிறவன் முட்டாள் என்று ஆபீசில் இரண்டு பேரைத் திட்டியும் இருக்கிறான்.

ஓட்டினான். இரண்டு விநாடிகூட ஆகவில்லை. நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்த்தான். பெயர் இருந்த இடத்தில் எல்லாம் எண். பக்கத்தில் நின்ற வனஜா திரைக்குக் கிட்டத்தில் குனிந்து பார்த்தாள். கையால் மாற்றியிருந்தால் தனக்கு ஒரு வாரம் ஆகியிருக்கும் என்றாள். பாலகுமாருக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு வனஜா மறுபடி ஓடி வந்தாள். கைப்பையின் அடியில் ஒரு ஃபிளாப்பி தங்கிவிட்டதாம். கடைசியாக வந்த மூன்று பேருடையது. இதற்கென்ன என்று அவன் அந்த மூன்றையும் அதே ஃபோல்டரில் போட்டான். காலையில் அடித்த கட்டளை அப்படியே இருந்தது. மேல் அம்புக்குறியை ஒரு தட்டு, என்டரை ஒரு தட்டு. முடிந்தது.

புதிய மூன்றில் ஒன்றைத் திறந்தான். பெயர்கள் அப்படியே இருந்தன. மகா என்று இருந்த இடத்தில் மகா என்றே இருந்தது. வனஜா பெயரை வேறு மாதிரி அடித்திருப்பாள் என்று அவள்மேல் லேசாக எரிச்சல்பட்டுக்கொண்டே, சரிபார்க்கப் பட்டியலைத் திறந்தான்.

பட்டியலில் பெயர்களே இல்லை. ஒன்றுக்கு நேரே ஒன்று. இரண்டுக்கு நேரே இரண்டு. கடைசி வரை அப்படித்தான்.

பட்டியலும் அந்த ஃபோல்டரில் இருந்த டெக்ஸ்ட் கோப்புதானே. காலையில் ஓடியபோது ஸ்கிரிப்ட் அதற்குள்ளும் போய், அங்கிருந்த ஒவ்வொரு பெயரையும் எண்ணாக்கிவிட்டது. அதற்கு என்ன தெரியும், சொன்னதைச் செய்தது. பரவாயில்லை, பேக் இருக்கிறது என்று அதைத் திறந்தான். அதிலும் ஒன்றுக்கு நேரே ஒன்று. காலையில் ஓரமாக வைத்த நல்ல பட்டியலின் மேல், மத்தியானம் இரண்டாவது தடவை ஓடியபோது, கெட்டுப்போன பட்டியல் பத்திரமாகக் காப்பி ஆகியிருந்தது. காலையில் மாற்றிய ஐம்பத்தெட்டு வாக்குமூலங்களுக்கும் அதே கதி. நல்லதைக் காப்பாற்ற அவன் வைத்த ஏற்பாடே நல்லதை அழித்துவிட்டது. ஒரே ஒரு தடவை ஓட்டியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பாவி, ஃபோல்டரை ஒருதடவை பார்த்துவிட்டு என்டரைத் தட்டியிருந்தாலும் போதும்.

வனஜாவைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு மூன்று மணி நேரம் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கைத் தோண்டினான். அழிந்த கோப்பின் மிச்சம் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று அவனுக்குத் தெரிந்த எல்லா வித்தையும் செய்து பார்த்தான். கிடைத்ததெல்லாம் அவனே எப்போதோ எழுதிய வேலை விண்ணப்பத்தின் துண்டுகள். ஃபிளாப்பிகளை அவனே துடைத்திருந்தான். நோட்டுகள் அடுப்பில் போயிருந்தன. ரிஜிஸ்டரை ஃபாக்டரிக்காரன் இப்போது பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தான். கடைசியில் நாற்காலியைத் திருப்பி, நடந்ததை வனஜாவிடம் சொன்னான். அவள் திட்டியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை.

ஷிஃப்டில் இருந்தவர்கள் யார் யார் என்று அவளுக்கு மனப்பாடம். ஆனால் இருபத்தேழு யார், நாற்பத்தொன்று யார் என்று யாருக்குத் தெரியும்? திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போகாமல் ஐம்பத்தெட்டு வாக்குமூலங்களையும் படித்தாள். பேச்சை வைத்துப் பத்தொன்பது பேரை அடையாளம் கண்டுகொண்டாள். அவர்கள் வீடுகளுக்கு இருவருமாக நடந்தார்கள். நாலு பேர் வீடு காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். சந்தாபுராவுக்கு மாறியிருந்த ஒருத்தியைத் தேடிப் போனால், அவள் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகவே பேசி அனுப்பினாள். இது நீ சொன்னதுதானா என்று கேட்ட கேள்வியே அவர்களைக் கலவரப்படுத்தியது. ரகசியம் கசிந்துவிட்டது, ஃபாக்டரிக்காரன்தான் ஆள் விட்டுப் பார்க்கிறான் என்று வீட்டுக்கு வீடு பேச்சு பரவிற்று. செவ்வாய்க்கிழமை போன வீடுகளில் யாருமே ஒன்றும் சொன்னதாக ஒப்புக்கொள்ளவில்லை.

மமதா என்கிறவள் மட்டும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். வனஜாவுக்கு ரொம்ப வேண்டியவள். முழுவதையும் கேட்டுவிட்டு மெதுவாகத்தான் சொன்னாள்.

"பேரு எங்கயும் இருக்காதுன்னு நீதானே சொன்ன வனஜா. இப்ப இல்லல்ல? அப்படியே இருக்கட்டும் விடு. எனக்கு ரெண்டு புள்ளைங்க."

வனஜா எழுந்துவிட்டாள். பாலகுமாருக்கு அந்தப் பெண்மேல் கோபம் வரவில்லை. கோபப்பட அவனுக்கு என்ன யோக்கியதை?

காந்தாக்காவிடம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே சொல்லியிருந்தான். கம்ப்யூட்டர் விஷயம் அவளுக்குப் பாதிதான் புரிந்தது. சரிபண்ண முடியுமா என்று கேட்டாள். பார்க்கிறேன் என்றான். சரி பாலா என்று சொல்லிவிட்டு, அவனுக்கும் சேர்த்து ராத்திரிக்கு சப்பாத்தி போட்டாள்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை அதிகாரியின் அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். அதிகாரி, நிர்வாகத்தின் ஆள், வைத்தீஸ்வரன், பாலகுமார், காந்தாக்கா. வனஜாவை ஃபாக்டரியில் அன்று காலைதான் வேலையிலிருந்து நிறுத்தி, கணக்கு முடிக்க அங்கேயே உட்கார வைத்திருந்தார்கள். பெயர் மிஞ்சிய மூன்று பேரில் இரண்டு பேர் குழாய் வெடித்த நேரம் கேன்டீனில் இருந்தவர்கள், கதவைப் பார்க்காதவர்கள். மூன்றாமவள் மகா, வருகிறேன் என்று சொன்னவள், காலையில் வேலூர் பஸ் ஏறிவிட்டாள். வைத்தீஸ்வரன் ஐம்பத்தெட்டு வாக்குமூலங்களையும் மேஜைமேல் வைத்து, பட்டியல் எப்படி அழிந்தது என்று விளக்கினார். நிர்வாகத்தின் ஆள் சிரிப்பை அடக்கப் பெரிதாகச் சிரமப்படவில்லை. இல்லாத ஆட்களின் வாக்குமூலத்தை யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்து டைப் அடிக்கலாமே என்றார்.

அதிகாரி கெட்டவர் அல்ல. இரண்டு மூன்று தாள்களைப் புரட்டிப் பார்த்தார். இதையெல்லாம் சொன்னவர்களில் ஒரே ஒருத்தியாவது என் முன்னால் வந்து நின்றால் போதும் என்றார். வைத்தீஸ்வரன் பாலகுமாரைப் பார்த்தார், பாலகுமார் தரையைப் பார்த்தான். அதிகாரி தாள்களை அடுக்கிக் கயிறு கட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டு, நிர்வாகம் எழுதிக் கொடுத்ததையே ஏற்றுக்கொள்வதாக ஆணை எழுதச் சொன்னார்.

வெளியே வராந்தா பெஞ்சில் காந்தாக்கா உட்கார்ந்தாள். வைத்தீஸ்வரன் அடுத்த கேசுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். காந்தாக்கா கட்டைத் தன் மடியில் வைத்துக் கயிற்றை அவிழ்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. மேலே இருந்த தாளை எடுத்து அவனிடம் நீட்டி, அவர்கள் என்னதான் சொன்னார்கள் என்று படித்துக் காட்டச் சொன்னாள். இத்தனை நாளும் அவள் கேட்டதில்லை. எல்லாம் முடியட்டும், சர்க்கார் காகிதத்தில் வந்த பிறகு கேட்டுக்கொள்கிறேன் என்று இருந்தாள்.

அவன் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தான். குழாய் வெடித்த சத்தம் கேட்டது. நாங்கள் பின்பக்கம் ஓடினோம். கதவு வெளியே பூட்டியிருந்தது. முப்பத்து நான்கு எங்களுக்கு முன்னால் ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். நாங்கள் நகர்ந்த பிறகும் முப்பத்து நான்கு தட்டிக்கொண்டே இருந்தாள்.

அவன் அங்கேயே படிப்பதை நிறுத்திவிட்டான். ஷிஃப்டில் இருந்த எல்லாருடைய பெயரும் பட்டியலில் இருந்ததே. மூன்று நாளாக ஒவ்வொரு எண்ணையும் யார் யார் என்று மண்டையை உடைத்துக்கொண்டவன், இந்த ஒரு எண்ணை நினைக்கவே இல்லை. வனஜா படித்தபோது கண்டிருப்பாள். அவனிடம் சொல்ல மனம் வந்திருக்காது.

"யாரு அது முப்பத்து நாலு?" என்று காந்தாக்கா கேட்டாள்.

"நம்ம அனுஷாதாங்க்கா."

காந்தாக்கா அவன் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள். எண்கள் அவளுக்குப் படிக்கத் தெரியும். விரலை அதன் மேல் வைத்தாள்.

"அவ பேர எதுக்குப்பா எடுத்த? அவளுக்கு இனிமே என்ன வேல போயிடப் போகுது?"

அவள் விரலை எடுத்துவிட்டு, மிச்சத்தையும் படிக்கச் சொன்னாள். அவன் படித்தான். எண் வந்த இடத்தில் எல்லாம் அனுஷா என்று சொல்லியே படித்தான். ஒரு தாள் முடிந்ததும் அவள் அடுத்த தாளை எடுத்துக் கொடுத்தாள்.