இடது ஓரத்தில் பதினாறாவது பெண்

மேலே ஒரு கறுப்புப் பட்டை, கீழே ஒரு கறுப்புப் பட்டை, நடுவில் நீளவாக்கில் திறந்துகிடக்கும் வெளிச்சத்தில் ஒரு ஜமீன் வீட்டுக் கூடம், அதில் வரிசையாக நிற்கும் பதினாறு வேலைக்காரப் பெண்கள், பதினைந்து பேர் தலை குனிந்திருக்கிறார்கள், இடது ஓரத்தில், இன்னும் ஒரு விரல் தள்ளி நின்றால் படத்தை விட்டே வெளியே விழுந்துவிடுவாள் என்கிற இடத்தில், ஒருத்தி மட்டும் நிமிர்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவள் நான்தான், பத்தொன்பது வயது நான், ஒன்பது விநாடி இருப்பேன், அப்புறம் கதாநாயகியின் அழுத முகம் வந்துவிடும், அந்த ஒன்பது விநாடிக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பாத்திரம் கழுவிய ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி இந்தத் திண்டிவனத்து வீட்டுக் கூடத்தில் டிவி முன்னால் வந்து உட்காருகிறேன், உட்கார்ந்ததும் திண்டிவனம் கரைந்துபோகிறது, வடபழனியில் விடியற்காலை, தெருமுனையில் வேன் வந்து நிற்கிறது, ஷூட்டிங்குக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட் பெயர் கூப்பிடுகிறார், உயரமானவள் நீ கடைசியில் நில்லு என்று யாரோ என் தோளைப் பிடித்துத் தள்ளுகிறார்கள், உயரம் எப்போதும் என்னை ஓரத்துக்கே கொண்டுபோனது.

அப்பா லைட்மேன், பெயர் ஏகாம்பரம், செட்டுக்கு மேலே கட்டிய பலகைகளில் ஏறி விளக்குத் திருப்புகிற வேலை, அவர் சொல்லித்தான் நான் துணை நடிகையானேன், கல்யாண வீட்டுக் கூட்டத்தில் ஒருத்தி, கோயில் திருவிழாவில் ஒருத்தி, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருத்தி, எந்தப் படத்திலும் என் முகத்தை என் அம்மாவாலேயே கண்டுபிடிக்க முடியாது, இந்தப் படம் எடுத்த வாரத்தில்தான் அப்பா வேறொரு செட்டில் பலகை உடைந்து விழுந்தார், வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது, மாவுக்கட்டோடு அவரை நான்தான் மேனேஜர் அறைக்கு அழைத்துப் போனேன், மேனேஜர் ஒரு தாளை நீட்டினார், ஏகாம்பரம், என் கவனக்குறைவுலதான் விழுந்தேன்னு எழுதியிருக்கு, ஒரு கையெழுத்துப் போட்டுட்டு கிளம்பு, கை நல்லானதும் வேலைக்கு வா, பலகை உளுத்துப்போயிருந்துச்சுங்க, நான் ரெண்டு தடவ சொல்லியிருந்தேன், என்று அப்பா சொல்லவில்லை, முந்தின நாள் எங்களிடம் சொன்னதை அங்கே சொல்லவேயில்லை, தலையைக் குனிந்தார், இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டார், நான் அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன், நரைத்த முடிக்குக் கீழே வெயில் பட்டுக் கறுத்த தோல், அதில் இரண்டு சுருக்கம், ஒரு மனிதனின் பிடரியை அவ்வளவு நேரம் பார்க்கக்கூடாது என்று இப்போது தோன்றுகிறது, அப்போது பார்த்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் இந்தக் கூடம். அட்டையில் செய்த தூண்கள், ஜமீன்தார் நாற்காலியில் உட்கார்ந்து, செய்யாத குற்றத்துக்காகக் கதாநாயகியை வீட்டை விட்டுத் துரத்துகிற காட்சி, பின்னால் நாங்கள் பதினாறு பேர், துணை இயக்குநர் ஒல்லியாக இருப்பார், கையில் அட்டை வைத்துக்கொண்டு ஓடுவார், வேலைக்காரங்க எல்லாரும் தலையத் தொங்கப்போடுங்க, எஜமான் பேசுறாரு, ஒருத்தி கண்ணும் மேல வரக்கூடாது, ஒத்திகையில் இரண்டு முறை குனிந்தேன், மூன்றாவது முறை விளக்குகள் எல்லாம் எரிந்து, கேமரா ஓடத் தொடங்கி, ஜமீன்தார் இவள் தப்புப் பண்ணவில்லையென்றால் யாராவது சொல்லுங்கள் என்று உறுமியபோது என் கண்ணுக்கு முன்னால் அந்தப் பிடரி வந்தது, தலை தானாக நிமிர்ந்துவிட்டது, நாற்காலியில் இருந்தவரை நேராகப் பார்த்தேன், ஒன்பது விநாடி என்று இப்போது தெரியும், அப்போது ஒரு முழுப் பகல் போல இருந்தது, கட் என்றதும் ஒல்லியானவர் ஓடிவந்தார், உனக்குக் காது கேக்குமா கேக்காதா, யாரும்மா உன்ன அனுப்புனது, இன்னொரு தடவை எடுக்கவேண்டும் என்றார், டைரக்டர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேமராமேனிடம் ஏதோ கேட்டார், கதாநாயகி நல்லா அழுதுட்டாங்க, மறுபடி இப்படி வராது, அது ஓரத்துல இருக்குற பொண்ணு, யார் பார்க்கப்போறாங்க, விடு, என்றார் டைரக்டர், யார் பார்க்கப்போகிறார்கள் என்ற அந்த வார்த்தையோடு நான் படத்துக்குள் போய்ச் சேர்ந்தேன், மறுநாளிலிருந்து அந்த ஏஜென்ட் என்னைக் கூப்பிடவில்லை.

தையல் கற்றுக்கொண்டேன், மூன்று வருஷம் கழித்து ஞானசேகரன் பெண் பார்க்க வந்தார், தாலுகா ஆபீஸில் எழுத்தர், சொந்த ஊர் திண்டிவனம், அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், மறைத்துக் கட்டிக்கொடுக்க அவருக்கு மனமில்லை, ஞானசேகரனின் அம்மா தட்டில் இருந்த பழத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்து கடைசியில் சொன்னார், பொண்ணு லட்சணமா இருக்கா, என் புள்ளைக்கும் புடிச்சிருக்கு, ஆனா சினிமான்ற வார்த்தை என் வீட்டுல கேக்கக்கூடாது, யாராவது கேட்டா தையல் கிளாஸ் போனான்னு சொல்லுங்க, அவ்ளோதான், நான் தலையாட்டினேன், இதுதான் எனக்கு இன்றும் புரிவதில்லை, கேமராவுக்கு முன்னால் நிமிர்ந்த தலை பழத்தட்டுக்கு முன்னால் ஏன் ஆடியது, கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு அடுப்பில் போட்ட துணை நடிகர் சங்க அட்டையில் என் போட்டோ சுருண்டு சுருண்டு எரிகிறது, அம்மா அதைப் பார்க்காமல் வெந்நீர் விளாவிக்கொண்டிருக்கிறாள்.

மகன் வாசகனுக்கு நாலு வயது இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தூர்தர்ஷனில் இந்தப் படத்தைப் போட்டார்கள், தெருவில் எங்கள் வீட்டில் மட்டும்தான் டிவி, பெட்டி மாதிரி சதுரமான டிவி, பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், அத்தை, ஞானசேகரனின் அம்மா, முதல் வரிசையில், இவர் வாசல்படியில், படத்தின் பெயர் போடும்போதே இது நான் நடித்தது என்று இவருக்குத் தெரிந்துவிட்டது, என்னைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார், எனக்கு எழுந்து போய்விடலாம் என்றும் இருக்கிறது, போகவும் முடியவில்லை, கூடம் வருகிறது, ஜமீன்தார் உறுமுகிறார், வேலைக்காரிகள் வருகிறார்கள், எண்ணுகிறேன், பத்து, பதினொன்று, அவ்வளவுதான், இடது ஓரம் என்று ஒன்று இல்லவே இல்லை, பதினொரு பேரும் குனிந்திருக்கிறார்கள், படம் முடிந்து எல்லோரும் போனபிறகு இவர் அடுக்களைக்கு வந்து காதோரம் சொன்னார், நல்லவேளை, நீ தெரியல, சந்தோஷமாகச் சொன்னார், எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார், பாவம், நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன், தண்ணீர் தெளிந்தபிறகும் களைந்துகொண்டே இருந்தேன், என்னை வெட்டிவிட்டார்கள், நிமிர்ந்ததற்காக வெட்டிவிட்டார்கள் என்று நம்பினேன், தியேட்டருக்குப் போய் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை, அதனால் வேறு மாதிரி நினைக்க எனக்கு வழியும் இல்லை, இருபது வருஷம் அப்படியே நம்பினேன், அத்தை படுத்த படுக்கையாகி, அவருக்குச் செய்யவேண்டியதெல்லாம் செய்து அனுப்பிவைத்து, வாசகன் படித்து சென்னையில் வேலைக்குப் போனபிறகும் நம்பிக்கொண்டிருந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டிவிடி விற்கிற கடையில் அந்தப் படத்தின் அட்டையைப் பார்த்தது தற்செயல்தான், ஒரே தட்டில் இரண்டு படம் என்று போட்டிருந்தது, வாங்கிவந்து இவர் ஆபீஸ் போனபிறகு போட்டேன், மேலும் கீழும் கறுப்பாக வந்தது, தட்டு கெட்டுப்போனது போல என்று நினைத்தேன், பழைய டிவியின் நடுவில் ஒரு ரிப்பன் அளவுக்குத்தான் படம், கண்ணாடியை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து கிட்டத்தில் போய்ப் பார்த்தேன், கூடம் வந்தது, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, கூடம் அகலமாகிக்கொண்டே போனது, பதினைந்து, அப்புறம் நான். கட்டைவிரல் நகம் அளவு முகம். என்னை யாரும் வெட்டவில்லை, அன்றைக்கு டிவியில் படம் முழுசும் நிரம்பவேண்டும் என்று இரண்டு பக்கமும் நறுக்கிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான், அந்தக் கறுப்புப் பட்டை இரண்டும் என்னை உள்ளே வைத்துக்கொள்வதற்காக விட்ட இடம், வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன், பிறகு எதற்குப் பொத்துகிறேன், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கையை எடுத்துவிட்டு அழுதேன்.

வாசகன் போன ஆடியில் இந்தப் பெரிய டிவியை வாங்கிவந்தான், சினிமா தியேட்டர் மாதிரியே அகலம், ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவனுக்குப் பேசிவைத்த பெண்ணும் அவள் அம்மாவும் கடலூரிலிருந்து வந்திருந்தார்கள், பெண் நித்யகலா, அம்மா தனபாக்கியம் பால்வாடி டீச்சர், கணவர் இல்லாமல் ஒற்றை ஆளாக மகளை வளர்த்தவர், எதையும் அளந்துதான் பேசுவார், பூ வைக்க நாள் குறிப்பதுதான் பேச்சு, சாப்பிட்டு முடித்ததும் வாசகன் டிவியின் பெருமையைக் காட்ட அலமாரியில் கைக்குக் கிடைத்த தட்டைப் போட்டான், இதுதான், கறுப்புப் பட்டைகள் வந்தன, இன்னாம்மா இது, இவ்ளோ பெரிய டிவில பாதி கறுப்பா கெடக்கு, இரு, ஜூம் பண்றேன், என்று ரிமோட்டை அழுத்தினான், படம் பெருத்துத் திரையை நிரப்பியது, இரண்டு ஓரமும் வெளியே போயிற்று, இவர் என்னைப் பார்த்தார், அந்தப் பார்வையில் பழைய நல்லவேளை இருந்தது, கூடம் வருகிறது, வேலைக்காரிகள் வரிசை வருகிறது, பன்னிரண்டோடு நின்றுபோகிறது, நான் செய்யவேண்டியது ஒன்றுமில்லை, சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், நல்ல சம்பந்தம், பிள்ளைக்குப் பிடித்த பெண், இன்னும் கொஞ்ச நேரத்தில் காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

வாசு, அந்த ஜூமை எடு, என்றேன். ஏம்மா, நல்லாதானே இருக்கு. எடுடா, கொஞ்சம் பின்னால ஓட்டி, அந்தக் கூடம் வர எடத்துல நிறுத்து. இவர் பாதி எழுந்தார், வேற எதுனா போடுப்பா, செய்தி போடு, என்றார், நான் அவரைப் பார்க்கவில்லை, வாசகன் எதுவும் புரியாமல் நான் சொன்னபடி செய்தான், பட்டைகள் திரும்பி வந்தன, வரிசை நீண்டது, படம் அசையாமல் நின்றது, நான் எழுந்துபோய்த் திரையில் இடது ஓரத்தைத் தொட்டேன், இது நான், என்றேன், கல்யாணத்துக்கு முன்னாடி நான் சினிமாவுல துணை நடிகையா இருந்தேன், இந்த வீட்டுல முப்பது வருஷமா யாருக்கும் சொன்னதில்ல, என் புள்ளைக்கே இப்பதான் தெரியுது. வாசகன் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான், நித்யகலா எழுந்துவந்து திரைக்குக் கிட்டத்தில் குனிந்து பார்த்தாள், அத்தை, நெத்தியும் புருவமும் அப்டியே இருக்கு, என்றாள், தனபாக்கியம் அசையவில்லை, இத ஏன் முன்னாடியே சொல்லல, என்றார். சொல்லியிருக்கணும், மறைச்சது தப்புதான், நடிச்சது தப்பில்ல, என்றேன். எங்க அண்ணன் இருக்காரு, அவர ஒரு வார்த்தை கேக்கணும், என்று சொல்லிவிட்டு தனபாக்கியம் மகளோடு கிளம்பிப்போனார், காபி தம்ளர்களில் ஏடு கட்டிக் கிடந்தது.

அடுத்த ஒன்பது நாள் போன் இல்லை. இன்னிக்குதான் சொல்லணுமாம்மா, என் கல்யாணம் முடிஞ்சப்புறம் சொல்லக்கூடாதா, என்று வாசகன் சென்னையிலிருந்து கேட்டான், அவன் கேட்டது நியாயம்தான், ஆனால் அந்த ஜூமை அவன் விரல் அழுத்தியபோது இரண்டாவது தடவை என்னை வெட்டுவதை நானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை எப்படிச் சொல்வேன், இவர் சாப்பிட்டார், ஆபீஸ் போனார், வந்தார், பத்தாம் நாள் தனபாக்கியமே கூப்பிட்டார், அண்ணன் முடியாதுன்னுதான் சொன்னாரு, நித்யா ஒத்தக்கால்ல நிக்கிறா, மாமியார்னா இவங்கதான் எனக்கு வேணும்ன்றா, நானும் யோசிச்சுப் பாத்தேன், எம் புருஷன் போனப்புறம் நான் வேலைக்குப் போனதுக்கு எங்க சொந்தம் பேசாத பேச்சா, சரி, கல்யாணத்த தையில வச்சிக்கலாம், ஒண்ணு மட்டும், கல்யாண மண்டபத்துல யார்கிட்டயும் இதப் பத்திப் பேச வேணாம் சம்பந்தியம்மா. நானாப் போய் மைக் புடிக்க மாட்டேங்க, ஆனா யாராவது கேட்டா ஆமான்னுதான் சொல்லுவேன். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, அளக்காமல் வந்த சிரிப்பு, உங்க கூட ரொம்பக் கஷ்டம்தான் போலருக்கு, என்றார் தனபாக்கியம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை, கல்யாணத்துக்கு இன்னும் ஏழு வாரம், நான் டிவி முன்னால் வந்து உட்கார்ந்ததும் உள்ளே படுத்திருந்த இவர் எழுந்துவருகிறார், எதையோ தேடுகிறவர் போலக் கூடத்தில் நிற்கிறார், பிறகு எனக்குப் பக்கத்தில், ஒரு ஆள் இடம் விட்டு, உட்காருகிறார், முப்பது வருஷத்தில் இந்தப் படத்தின் முன்னால் நாங்கள் இரண்டு பேர் மட்டுமாகச் சேர்ந்து உட்காருவது இதுதான் முதல் தடவை, கூடம் வருகிறது, ஜமீன்தார் உறுமுகிறார், பதினைந்து தலைகள் தாழ்ந்திருக்கின்றன, பதினாறாவது தலையை இவர் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார், எல்லாரும் குனிஞ்சிருக்கச்சே நீ மட்டும் எதுக்கு இப்டி நின்ன, என்கிறார், நான் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன், அந்தத் தாளை, மாவுக்கட்டை, இடது கைக் கையெழுத்தை, யாரிடமும் சொல்லாத அந்தப் பிடரியை, சொல்லி முடிப்பதற்குள் படம் எங்கேயோ போய்விட்டது, ஒரு கல்யாணம் நடந்துகொண்டிருக்கிறது, அவ்ளோ பேரு எதுர்ல, பயமா இல்லியா உனக்கு, என்கிறார். இருந்துச்சு, கழுத்துதான் கேக்கல. இவர் அன்று தன் அம்மா உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்க்கிறாரா, தன் கைகளைப் பார்க்கிறாரா தெரியவில்லை, பிறகு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு திரைக்கு இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் நகர்ந்து உட்காருகிறார், சரியாப் பாக்கல, இன்னொரு தடவ போடு, என்கிறார்.