இரண்டு மணி எட்டு நிமிடம்

விடிந்தும் விடியாத ஐந்தரை மணி. பதினேழாம் கட்டிலில் கிடந்த கொத்தனாரின் தோளுக்கும் இடுப்புக்கும் கீழே நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் நர்சிங் மாணவி கை கொடுத்தாள். எதிர்ப்புறம் ஆயா.

"ஒண்ணு, ரெண்டு..."

மூச்சைப் பிடித்துப் புரட்டினார்கள். சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர். முதுகின் அடியில் புண், கைக்குழந்தையின் உள்ளங்கை அளவுக்குக் குழிந்திருந்தது. நாற்றம் தொண்டையில் ஒட்டியது.

"எப்படிம்மா இருக்கு?"

"ஆறிட்டு வருதுண்ணே."

"விரிசல் மேல நானும் இப்படித்தான் பூசுவேன்" என்றார் அவர், சுவரைப் பார்த்தபடி.

இரண்டு மணிக்கொரு முறை புரட்டியதைக் குறிக்கக் கட்டில் முனையில் தொங்கிய அட்டையில் ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு என எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்திருந்தது. வேளை வருமுன்பே, வார்டுக்குள் நுழைந்ததும் நெட்டை போட்டது. எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள். இறுதியாண்டு மாணவிதான், ஆனால் முப்பத்திரண்டு கட்டிலுக்கும் அவளும் ஆயாவும் மட்டுமே.

இறுதித் தேர்வுக்காக அவள் எழுதும் ஆராய்ச்சியும் அந்த அட்டைகளைப் பற்றித்தான். மூன்று மாத அட்டைகளைக் கூட்டிப் பார்த்தாள். ஒரு வேளைகூடத் தவறாமல் எல்லோரும் புரட்டப்பட்டிருந்தார்கள். இருந்தும் பதினொரு பேருக்குப் புண். புரட்டினால் பயனில்லை என்றது கணக்கு. எங்கோ பிசகிவிட்டது என்று மறுபடி கூட்டியபோது, கட்டங்களுக்குக் கீழே தன் கையெழுத்தே அவளைப் பார்த்தது.

கைக்கடிகாரத்தை வைத்து அளந்தாள். ஒருவரைப் புரட்ட இரண்டு பேருக்கு நான்கு நிமிடம். முப்பத்திரண்டு பேருக்கு இரண்டு மணி எட்டு நிமிடம். மருந்து கொடுக்காமல், ஒன்றுக்குக்கூடப் போகாமல் ஓடினாலும் இரண்டு மணிக்கொரு சுற்று வராது.

மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் ஒரே முதலாளி. ஆராய்ச்சி நோட்டைப் படித்துவிட்டுப் பத்து மணிக்கு அவளைக் கூப்பிட்டார்.

"எல்லாம் நல்லா எழுதியிருக்கம்மா. முடிவ மட்டும் மாத்து. பணியாளர் கவனக்குறைவு, பயிற்சி தேவை. வருஷா வருஷம் அதான்."

"முடிவு முன்னாடியே தெரியும்னா ஆராய்ச்சி எதுக்கு சார்?"

"பரீட்சை எழுதத்தான். கொத்தனார் பொண்டாட்டி புகார் குடுத்திருக்கா. அந்த ஆயாவ இன்னையோட நிறுத்தியாச்சு."

"கூடப் புரட்டினது நான். பொய்யா டிக் போட்டதும் நான்."

"அப்ப நீயும் போறியா? என் கையெழுத்து இல்லாம இந்த நோட்டு செல்லாது, பரீட்சையும் கிடையாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம்."

அடுத்தவர் லாரியை இருபது வருடம் ஓட்டிப் படிக்கவைத்த அப்பா நினைவுக்கு வந்தார். விடுதிக்கு வந்து நோட்டைக் கட்டிலில் எறிந்தாள்.

எப்போதும் வாய் ஓயாத பக்கத்துக் கட்டில்காரி வாயாடி மெதுவாகச் சொன்னாள்: "நான் கை கழுவுறதப் பத்தி எழுதினேன்டி. விழிப்புணர்வு போதாதுன்னு முடிச்சேன். வார்டுல சோப்பே இல்லன்னு எழுதல."

"என் தலைப்பு ஊசி குத்துற காயம்" என்றாள் இன்னொருத்தி. "கவனக்குறைவாம். பழைய ஊசி போடுற டப்பா நிரம்பி வழிஞ்சத நானே பாத்தேன்."

வகுப்பில் இருபத்திரண்டு நோட்டுகள். ஒரே முடிவு.

"நாளைக்குப் புரட்டினா மட்டும் டிக்" என்றாள் வாயாடி. "இல்லன்னா காலி. எல்லா வார்டுலயும். எத்தன பேர வெளிய அனுப்புறாருன்னு பாப்போம்."

மறுநாள் பார்வை நேரத்தில் கொத்தனாரின் மனைவி அட்டையைக் கையில் எடுத்தாள்.

"எட்டும் பத்தும் ஏன் காலியா இருக்கு?"

நெட்டை அருகில் வந்தாள். "அப்ப அண்ணன யாரும் புரட்டலக்கா. ஆளில்ல. நேத்து வரைக்கும் போட்டதெல்லாம் பொய். நான்தான் போட்டேன்."

அந்த அம்மாள் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. "அப்ப அந்த ஆயா?"

"அவங்களுக்கும் ரெண்டு கைதானக்கா."

அவள் அடுத்த கட்டிலின் அட்டையைப் பார்த்தாள். அதற்கடுத்ததை. ஒவ்வொரு கட்டிலருகிலும் உறவினர்கள் எழுந்து தங்கள் அட்டையைத் திருப்பினார்கள்.

"ஆயா எங்க?"

"காலையிலேருந்து கேட்டுக்கு வெளிய நிக்கிறாங்க. உள்ள விடல."

கொத்தனாரின் மனைவி அட்டையைக் கொக்கியிலிருந்து கழற்றினாள். "மொதல்ல அவளக் கூட்டிட்டு வருவோம். அப்புறம் இத யார்கிட்ட காட்டணுமோ, அங்க போவோம். நீயும் வர்றியா பாப்பா?"

சத்தம் கேட்டு, மற்ற வார்டுகளின் கதவுகளில் வெள்ளைச் சீருடைகள் வந்து நின்றன. அவர்கள் கைகளிலும் அட்டைகள்.

"வர்றோம்க்கா" என்றாள் நெட்டை. "நாலு நிமிஷம் பொறுங்க. அண்ணனப் புரட்டுற நேரம்."

வாயாடி எதிர்ப்புறம் வந்து கை கொடுத்தாள்.

"ஒண்ணு, ரெண்டு..."