கோட்டையில் ஓர் இடம்

மண் மூட்டையை முற்றத்தில் இறக்கிவைத்துவிட்டு விலாஸ் மகளைக் கூப்பிட்டான். ஓவி சோபாவிலிருந்து தலையைக்கூடத் திருப்பவில்லை. "நீயே கட்டு பாபா. முடிஞ்சதும் கூப்பிடு, வந்து பாக்கறேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானமாவது செய்திருக்கலாம். பால்காரரிடம் நாளைக்கு வேண்டாம் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் அவனுக்குச் சுருக்கென்றது.

தீபாவளி நெருங்கினால் சாத்தாரா நகரில் வாசலுக்கு வாசல் மண்கோட்டை எழும்பும். கட்டவேண்டியவர்கள் பிள்ளைகள்தான். ஆனால் செங்கல் அடுக்க ஒரு கை கொடுக்கிறேன் என்று வந்து உட்காரும் அப்பாக்கள் லேசில் எழுந்து போவதில்லை. விலாஸுக்குக் கட்டட வரைபடம் போடுகிற வேலை வேறு, கேட்க வேண்டுமா? போன வருடம் ஒரு மலைக்கோட்டையின் புகைப்படத்தைச் சுவரில் ஒட்டிவைத்து, ஸ்கேலும் கையுமாக அப்படியே மண்ணில் இறக்கிவைத்தான். குடியிருப்புப் போட்டியில் முதல் பரிசு. தண்ணீர்ச் சொம்போடு பக்கத்தில் நின்ற ஓவி எப்போது வீட்டுக்குள் போனாள் என்றே அவனுக்குத் தெரியாது. பரிசுக்கு அவள் பெயரைக் கூப்பிட்டபோது, "அது பாபா கட்டினது" என்று சொல்லி நாற்காலியை விட்டு எழுந்திருக்க மறுத்துவிட்டாள். வெட்கப்படுகிறாள் என்று அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது கூசுகிறது.

சமையலறையில் சக்லி முறுக்கு பொரித்துக்கொண்டிருந்த மனைவி சாரிகா கரண்டியோடு வந்து தீர்ப்பு சொன்னாள்.

"இந்த வருஷம் அவ மேஸ்திரி, நீங்க சித்தாள். மண்ணத் தொடலாம், கோட்டையத் தொடக்கூடாது."

ஓவி அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள்.

முதலில் நம்பாமல் சோதித்தாள். கல் கொண்டுவா, இது வேண்டாம், வேற கொண்டுவா. அவன் வாய் திறக்காமல் சுமந்தான். பிறகு அவனை மறந்தே போனாள். எங்கும் போய்ச் சேராத ஒரு படிக்கட்டு வந்தது. ஆடுகளுக்கு மாடிவீடு வந்தது. கோட்டைச் சுவரை ஒட்டி ஒரு குளம் வந்தது. சிப்பாய்கள் துணி காயப்போட நூலில் ஒரு கொடி கட்டி, பழைய பாவாடையிலிருந்து துணுக்குகள் வெட்டித் தொங்கவிட்டாள். களிமண் சிப்பாய்கள் வாளும் கேடயமுமாகச் சண்டைக்குப் போகாமல், கொதிக்கிற சட்டி ஒன்றின் முன்னால் வரிசையில் நின்றார்கள். சக்லிக்காம்.

மாடிப்படி இறங்கி வந்த மேல்வீட்டுப் பெரியவர் மோரே காகா இது எந்தக் கோட்டை என்று கேட்டார். "என்னோடது" என்றாள் ஓவி, நிமிராமலே. அவர் விலாஸைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"என்ன விலாஸ், இந்த வருஷம் பரிசு வேணாமா?"

"என்னக் கேக்காதீங்க காகா. நான் சித்தாள்."

சொல்லிவிட்டானே தவிர, கண் ஓவி கட்டிய சுவரிலேயே இருந்தது. குளத்தை ஒட்டிய சுவர் விழப்போகிறது. மண்ணில் தண்ணீர் அதிகம், பின்னால் தாங்கக் கல் இல்லை. சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அடுத்து இப்படிப் பிடி என்பான், அதற்கடுத்து கொடு நான் செய்கிறேன் என்பான். அவனுக்கே அவனைத் தெரியும். விழுங்கிக்கொண்டான்.

சாப்பாட்டுக்குப் பிறகு வெயிலில் சுவர் சரிந்தது. இரண்டு சிப்பாய்கள் குளத்துக்குள் விழுந்தார்கள். ஓவி கையிலிருந்த மண்ணைக் கீழே போட்டாள். இனி எழுந்து உள்ளே போய்விடுவாள், அடுத்த வருடம் மண் மூட்டையே வேண்டாம் என்பாள் என்று விலாஸுக்குத் தோன்றியது. கொஞ்ச நேரம் கொடுத்தால் அசையாத சுவராக நிறுத்திக் காட்டுவான். அதைவிடக் கஷ்டமான வேலையாக, சும்மா உட்கார்ந்திருந்தான்.

அவள் சரிந்த மண்ணை விரலால் நோண்டினாள். எடுத்துப் பிழிந்து பார்த்தாள்.

"தண்ணி ஜாஸ்தியாயிருச்சு" என்றாள், தனக்குத்தானே.

விலாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்குப் போயா என்று சிரிப்பும் வந்தது. ஓவி சிப்பாய்களை எடுத்துத் துடைத்தாள். சுவர் இருந்த இடத்தை வழித்துச் சமமாக்கி, உள்ளங்கையால் தட்டிக் காட்டினாள்.

"பாபா, இந்த எடம் ஒனக்கு. ஏதாவது கட்டு."

"காவல் கோபுரம் வைக்கட்டுமா?"

"ஒனக்கு என்ன தோணுதோ அது."

"என்ன வேணும்னு சொல்லும்மா, செஞ்சிடறேன்."

"எனக்கு வேணுங்கறத நான்தான் கட்டறேனே. நீ ஒன்னோடதக் கட்டு" என்று சொல்லிவிட்டு ஆட்டு வீட்டுக்குக் கூரை போடத் திரும்பிவிட்டாள்.

விலாஸ் ஒரு பிடி மண்ணை எடுத்துக்கொண்டு குந்தினான். பார்த்துச் செய்யப் படம் இல்லை. அளவு இல்லை. என்னென்னவோ நினைத்துப் பார்த்தான், எல்லாம் எங்கோ ஏற்கெனவே வரைந்து கொடுத்தவையாக இருந்தன. உள்ளங்கையில் மண் மெல்லச் சூடேறியது. சும்மா கட்டைவிரலால் அதன் நடுவில் அழுத்தினான். சின்னதாக ஒரு குழி விழுந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்திருந்தான். பிறகு, இது என்னவாக வரும் என்று தெரியாமலே அதன் பக்கத்தில் இன்னொன்று அழுத்தினான்.