சூக்கி கொண்டுபோக வேண்டிய கடிதம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓர் அடிக்குறிப்பாகப் பிறந்தது. பிலடெல்பியாவில் இருபத்திரண்டு வருடங்களாக என் வேலை, இந்த நாட்டை உண்டாக்கிய பெரிய மனிதர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்களுக்கு அடிக்குறிப்பு எழுதுவது. (நாட்டை உண்டாக்கியதாக அவர்களே எழுதியிருக்கிறார்கள். வேறு சாட்சி கேட்காதீர்கள்.) முதல் வரிசைக்காரர்கள் என் மேசைக்கு வருவதில்லை. எனக்கு வாய்த்தவர் ஆம்ப்ரோஸ் வென்ஸ்லி. மேரிலாந்துக்காரர், காங்கிரஸில் ஒரு தவணை உட்கார்ந்தவர். பதவி போன பிறகும் 1787இல் இங்கே வீடு பிடித்துத் தங்கினார். புது அரசாங்கம் அமைந்தால் யாராவது கூப்பிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை.

அவருடைய கடிதங்களில் எப்போதும் இரண்டு பகுதி. வெளித்தாள் ஊருக்கு. விருந்தில் சத்தமாகப் படிக்கலாம், பத்திரிகைக்கும் கொடுக்கலாம். உள்தாள் நண்பருக்கு மட்டும். அதன் கீழே ‘படித்ததும் எரித்துவிடவும்’ என்றிருக்கும். எரிக்கச் சொன்ன தாளையும் தன் நகல் புத்தகத்தில் சுத்தமாகப் படியெடுத்து வைத்துக்கொண்டார் மனிதர். வருங்காலத்துக்கு ஒன்றும் விட்டுப்போய்விடக் கூடாதல்லவா?

அந்த ஜூலையில் டெலவேர் ஆற்றுக்கு அக்கரையில், நியூ ஜெர்சியில் இருந்த நண்பர் ஜெடடையா குரோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். வெளித்தாள் பதினோரு பக்கம். பொருள், மனித சுதந்திரம். உள்தாளில் இவ்வளவுதான்:

‘இதைக் கொண்டுவருபவள் என் சமையல்காரி சூக்கி. ஜனவரி பத்தாம் தேதி இந்த ஊருக்கு அழைத்துவந்தேன். இங்கத்திய சட்டம் உனக்குத் தெரியும். ஓர் இரவு உன் வீட்டில் தங்கவைத்துத் திருப்பி அனுப்பு. எரித்துவிடு.’

எங்கள் தொகுப்பாசிரியை ஹில்டா கறாரானவள். “நாலு வரிக்கு மேல போனா அது குறிப்பு இல்லப்பா, புலம்பல்” என்றாள். நாலு வரி இதோ: இந்த ஊர் இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில், வெளியிலிருந்து கொண்டுவந்த ஓர் அடிமை தொடர்ந்து ஆறு மாதம் இருந்துவிட்டால் விடுதலை. அதற்குள் ஆற்றைத் தாண்டி அடுத்த மாநிலத்துக்கு ஒரு நடை அனுப்பிவிட்டால் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும். சட்டத்தில் இருந்த இந்த ஓட்டையை மறுவருடம் அடைத்தார்கள். வென்ஸ்லி அதற்கு முந்தைய வருடத்துக்காரர்.

புலம்பல் இனிமேல்தான்.

2

தொடக்கம் ஒன்று: ‘ஆற்றின்மேல் மூடுபனி மெல்ல விலகிக்கொண்டிருந்த அந்த அதிகாலையில் சூக்கி

[ஜூலையில் ஏது மூடுபனி? புழுக்கமும் ஈயும்தான். அடித்துவிட்டேன்.]

தொடக்கம் இரண்டு: ‘சுதந்திரம் என்ற சொல்லை எழுதும்போதெல்லாம் வென்ஸ்லியின் இறகுப் பேனா

[வென்ஸ்லியே எழுதியது போல இருக்கிறது. வெட்கமாகிவிட்டது.]

என் சிக்கல் சூக்கி. தொள்ளாயிரம் கடிதங்களில் அவள் பெயர் இந்த உள்தாளைத் தவிர ஒரே ஓர் இடத்தில் வருகிறது, அதுவும் பன்றித்தொடையை நன்றாக வேகவைப்பாள் என்று. வயது தெரியாது. எழுத்து தெரியுமா என்பதும் தெரியாது. சட்டம் அவளுக்குத் தெரியும் என்பது மட்டும் என் முடிவு. சந்தையில் மீன் விற்ற கறுப்புப் பெண்கள் பாதிப்பேர் விடுதலையானவர்கள். அவர்கள் வாயை யார் கட்டிவைத்தார்கள்?

3

கைக்குக் கிடைத்த ஆதாரம் ஒன்று உண்டு. நகல் புத்தகத்தில் கடிதத்தின் தேதி ஜூலை 3. அதை அடித்து 5. அதையும் அடித்து 8. கடைசியில் 10. தபாலைப் பிறர் பிரித்துப் படிப்பார்கள் என்று பயந்து ஆள் மூலமே கடிதம் அனுப்பும் வழக்கம் அவர்களுக்கு. அதனால் கடிதம் முடியாமல் சூக்கி கிளம்ப முடியாது. வெறும் கையோடு அனுப்பினால் எதற்கு என்று கேட்பாளே! ஏன் முடியவில்லை? இனி வருவது என் கற்பனை. ஹில்டா இந்தப் பக்கத்தைப் படிக்கமாட்டாள்.

ஜூலை மூன்று. சூக்கி காப்பி கொண்டுவருகிறாள். வென்ஸ்லி மணலைத் தூவி மையை உலர்த்துகிறார்.

“இந்தா சூக்கி, தயாரா இரு. குரோவ் ஐயாவுக்கு இதக் கொண்டுபோவணும்.”

“சரிங்க எசமான். அந்த ஐயா விருந்துல எல்லாரையும் உக்காத்திவச்சு சத்தமா படிப்பாரே, அதுக்கா?”

“படிப்பான்னா சொல்ற?”

“போன தடவ படிச்சாராம். அவுங்க வீட்டுச் சமையக்காரி சொன்னா. நாலாம் பக்கத்துல ரெண்டு பேரு தூங்கிட்டாங்களாம்.”

வென்ஸ்லி காகிதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார். நாலாம் பக்கம் முழுதும் போகிறது.

ஐந்தாம் தேதி. “எசமான், நேத்து சுதந்திர நாள் விருந்துல பேசினீங்களே, என்னா கைதட்டல்! அதெல்லாம் இதுல வந்துருச்சா?” வரவில்லை. இரண்டு பக்கம் கூடுகிறது.

எட்டாம் தேதி அவளுக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. கோப்பையும் தட்டும் சத்தம் போடுகின்றன.

“என்ன, உடம்பு சரியில்லையா?”

“இல்ல எசமான். நீங்க படிச்சதக் கேட்டேன். அடிமைச் சங்கிலின்னு இங்கிலாந்து ராஜாவத் திட்டுறீங்களே, அந்த எடம். அழுக வந்துருச்சு.”

“நெசமாவா? எந்த வரி?”

அந்த வரியை மேலும் உருக்கமாக்க அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. [இந்த இடத்தில் நான் சிரித்தேன். பிறகு இந்தப் பத்தியைப் பதினாறாவது தடவையாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. எங்கள் இருவருக்கும் வாசகர் அழ வேண்டும். அவளுக்கு நாள் கழிய வேண்டும்.]

பத்தாம் தேதி காலை வென்ஸ்லி பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டார், ஆறு மாதம் அன்றோடு முடிகிறது. கடிதத்தில் முத்திரை விழுந்தது.

4

முடிவு அ: சூக்கி கடந்தாள், திரும்பினாள். ஜூலை பதினொன்று அவளுக்கு மறுபடி முதல் நாள். மிகவும் நம்பத்தகுந்த முடிவு. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.

முடிவு ஆ: உறையைப் பிரித்து, எரிக்கச் சொன்ன தாளோடு அடிமை ஒழிப்புச் சங்கத்து வக்கீலிடம் போனாள். வந்த தேதி எசமானின் கையெழுத்திலேயே இருக்கிறது, வேறென்ன சாட்சி வேண்டும்? கைதட்டல் வாங்கும் முடிவு. ஆனால் வென்ஸ்லியின் எழுத்தே அவளை விடுவித்ததாக ஆகிவிடும். அந்தப் புகழை அவருக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை.

முடிவு இ: குரோவின் காகிதங்களில் இந்தக் கடிதம் இல்லை. எரித்திருக்கலாம், வராமலே போயிருக்கலாம். சூக்கியின் பெயரும் அதற்குப் பிறகு எங்குமே இல்லை. இது முடிவு அல்ல, என் அறியாமை.

5

பத்தாம் தேதி மாலை. படகுத்துறை. பதினோரு பக்கமும் ஓர் உள்தாளும் அவள் கையில்.

“ஏறுறியா இல்லியாம்மா? இதான் கடேசிப் படகு.”

“அந்தப் பன்னிங்கள ஏத்திக்குங்க மொதல்ல.”

“ஏத்தியாச்சு.”

“கட்டிவச்சிருக்கா? அவுத்துக்கிட்டு ஆத்துல குதிச்சிருச்சுன்னா?”

படகுக்காரன் முணுமுணுத்துக்கொண்டே கயிற்றைச் சரிபார்க்கப் போகிறான்.

இங்கே நிறுத்துகிறேன். பெரிய மனசோடு நிறுத்துவதாக முதலில் நினைத்தேன், கதையை முடிக்காவிட்டால் அவள் படகில் ஏற வேண்டியதில்லையே என்று. பிறகுதான் புரிந்தது. நான் நிறுத்தினால் பொழுதும் நின்றுவிடும். அந்த மாலை விடியவே விடியாது, அவள் ஆறு மாதத்தின் கடைசி நாளிலேயே நின்றுகொண்டிருப்பாள். நான் எத்தனை பக்கம் எழுதினாலும் அவளுக்கு ஒரு நாளைக் கூட்டித்தர முடியாது. காகிதத்தில் இரவு கழியாது.

உங்களிடம் கழியும். அதனால் கேட்கிறேன். முடிவு எதுவும் யோசிக்க வேண்டாம், அவளைப் படகில் ஏற்றவும் வேண்டாம். இதை மூடிவைத்துவிட்டுச் சாப்பிடுங்கள், தூங்குங்கள். காலையில் எழுந்ததும் ஒரு தடவை அவளை நினைத்துப் பாருங்கள். இந்தக் கரையிலேயே நின்றுகொண்டிருந்தால் அவள் யாருடைய சமையல்காரியும் அல்ல.