வேலையை விடப் போகிற அப்பா

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஓர் ஆசை. நாற்பத்தைந்து வயதில் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்க வேண்டும். இப்போது அவனுக்கு முப்பத்தாறு.

சின்னவன் முதல் அடி எடுத்து வைத்த நாளில் பிறந்த ஆசை அது. அந்த நேரத்தில் அவன் ஓர் அலுவலகக் கட்டடத்தில், ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே, லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். வீடு வந்து சேர்ந்தபோது சின்னவன் நடையை முடித்துக்கொண்டு ஓட்டத்துக்கு வந்துவிட்டிருந்தான். மனைவி நடந்து காட்டச் சொல்லிக் கெஞ்சியும், ஓடித்தான் காட்டினான்.

மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிறவள். எதையும் இரண்டு முறை அளந்து பார்த்துப் பழகியவள். நாற்பத்தைந்துவரை செலவைச் சுருக்கிப் பணம் சேர்க்கிற கணவனின் திட்டத்தையும் அப்படித்தான் பார்த்தாள். முதல் முறை சிரித்தாள். இரண்டாம் முறை யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டாள்.

"பிள்ளைங்க சாப்பாட்டுல மட்டும் கை வைக்காதீங்க. மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

அந்த ‘மத்ததெல்லாம்’ எவ்வளவு பெரியது என்று அவளுக்கு அப்போது தெரியாது. மெக்கானிக் அன்றிலிருந்து கையில் ஸ்குரூ டிரைவரோடுதான் வீட்டுக்குள் நடமாடினான். கிழிந்த செருப்பு, பிடி உடைந்த வாணலி, பல் போன சீப்பு என்று எதையும் தூக்கிப் போட விடவில்லை. பெரியவளின் பள்ளிக்கூடப் பையில் ஜிப் போனதும் வெல்டிங் கடையில் கிடைத்த கொக்கி ஒன்றை மாட்டினான். காலணியின் வாய் பிளந்ததும், லிஃப்ட் கதவுக்கு ஒட்டுகிற கறுப்பு ரப்பரை வெட்டி அடியில் ஒட்டினான். ஆறு வயதுப் பெரியவள் அதைப் போட்டு நடந்தால் தரை கீச்சிட்டது. வகுப்பில் அவளுக்கு ‘வாத்து’ என்று பெயர் வந்தது. அவளுக்கு அதில் பெருமைதான்.

பெரியவளுக்கு முடி வெட்டுவதையும் அவனே எடுத்துக்கொண்டான். முதல் தடவை இடது பக்கம் இறங்கிவிட்டது. அதைச் சரிசெய்யப் போய் வலது பக்கம் ஏறிவிட்டது. இரண்டையும் சமன்செய்ததில் நெற்றிக்கு மேலே எலி கடித்த மாதிரி கொஞ்சம் மிஞ்சியது. கடையிலிருந்து வந்த மனைவி மகளைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், முகம் கழுவப் போனாள்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், பள்ளியில் ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையையும் எழுப்பி, வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டார். பெரியவள் எழுந்து நின்று தெளிவாகச் சொன்னாள்.

"எங்க அப்பா லிஃப்ட் ரிப்பேர் பண்ணுவாரு. ஆனா கொஞ்ச நாள்ல அவருக்கு வேலை இருக்காது. அதனாலதான் நாங்க எதுவும் வாங்குறதில்ல."

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அப்பா பேசுவதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு விளங்கியது அவ்வளவுதான். ஒன்பது வருடம் என்பது அவள் கணக்கில் கொஞ்ச நாள். ஆசிரியை அந்தத் தலைமுடியைப் பார்த்தார். கொக்கி போட்ட பையைப் பார்த்தார். இடத்துக்குப் போகச் சொன்னதும் எழுந்த கீச்சுச் சத்தத்தையும் கேட்டார். அவர் மனம் கரைந்துவிட்டது.

அந்த வாரமே பெரியவள் ஒரு பெரிய துணிப்பையோடு வீட்டுக்கு வந்தாள். உள்ளே அவள் அளவுக்குச் சட்டைகள், ஒரு மழைக்கோட்டு, புதுக்கருக்குக் கலையாத காலணி. வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் சேர்ந்து கொடுத்தார்கள் என்றாள். பிள்ளைகள் வளர வளரத் துணி கைமாறுவது எங்கேயும் நடப்பதுதானே என்று மெக்கானிக் எடுத்துக்கொண்டான். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று அவனுக்கு உள்ளூர மகிழ்ச்சி. மனைவி மட்டும் மழைக்கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல் யார் பழைய துணி கொடுப்பார்கள் என்று கேட்டாள். கொடுக்கிறவர்களுக்கு மறதியாக இருக்கும் என்றான் அவன்.

அடுத்து வந்தவர் கீழ்வீட்டு பஸ் டிரைவர். அவருடைய மகளும் பெரியவளின் வகுப்பில்தான் படிக்கிறாள். உள்ளே வந்து உட்கார்ந்தவர், காலம் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது என்று ஆரம்பித்தார். தன் மச்சான் ஒரு குடோனில் இரவுக் காவலுக்கு ஆள் தேடுவதாகவும், தலைகுனிய வேண்டிய வேலை இல்லை என்றும் சொன்னார். அவர் மச்சானுக்கு ஆள் கிடைக்காமல் கஷ்டம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்ட மெக்கானிக், அனுதாபத்தோடு தலையாட்டினான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் தேற்றிவிட்டுப் பிரிந்தார்கள்.

பஸ் டிரைவருக்கு அதோடு மனம் ஆறவில்லை. வாய்விட்டுக் கேட்கக்கூடத் தெரியாத மனுஷன் என்று மெக்கானிக் மேல் இரக்கம் கூடியதுதான் மிச்சம். கீழே இறங்குகிறபோது லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த சீட்டு அவர் கண்ணில் பட்டது. பழுது ஏற்பட்டால் அழைக்கவும் என்று நம்பர் போட்டிருந்தது. மெக்கானிக்கின் கம்பெனிதான். அங்கேயே நின்று போன் போட்டு, பிள்ளைகுட்டிக்காரனை வேலையை விட்டு அனுப்புவது பாவம் என்று உருகி உருகிப் பேசினார். புகார்களைப் பதிவு செய்கிற பெண் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எந்த மாடியில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றாள்.

மறுநாள் காலை மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். ஐம்பதைத் தாண்டியவர், சத்தம் போட்டுப் பழக்கமில்லாதவர். புகார் விவரத்தைப் படித்துக் காட்டிவிட்டு, உன்னை வேலையை விட்டு அனுப்பப் போவதாக உனக்கு யார் சொன்னது என்று கேட்டார். மெக்கானிக்குக்கு அப்போதுதான் துணிப்பை, மழைக்கோட்டு, குடோன் காவல் எல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு புரிந்தது. காது மடல்வரை சுட்டது. மறைக்க வழியில்லாமல் நாற்பத்தைந்து வயதுத் திட்டத்தை முழுக்கச் சொன்னான்.

மேனேஜர் திட்டுவார் என்று நினைத்தான். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அது எப்படி முடியும், வீட்டில் ஒத்துக்கொண்டார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ரப்பர் காலணி விஷயம் வந்தபோது அடக்க முடியாமல் சிரித்தார்.

"நீ ஒன்பது வருஷம் கழிச்சு மொத்தமா போறதுக்குப் பதிலா, இப்பவே வாரத்துல ஒரு நாள் வீட்ல இருந்துக்கோ. சம்பளம் கொஞ்சம் குறையும். ஆனா இன்னும் ரொம்ப நாள் நீ எங்களோட இருப்பே. யோசிச்சுச் சொல்லு."

யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் அவன் வீட்டுக்கு வந்தான். சம்பளம் குறைந்தால் நாற்பத்தைந்து தள்ளிப்போகும். நாற்பத்தெட்டோ நாற்பத்தொன்பதோ ஆகிவிடும். இத்தனை நாள் ரப்பர் வெட்டியதெல்லாம் எதற்கு? மனைவியிடம் நடந்ததைச் சொன்னான். பஸ் டிரைவர் போன் செய்த இடம் வந்ததும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேனேஜரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். வேண்டாமென்று சொல்லப் போவதாகச் சொன்னான்.

"உங்களுக்கு நாப்பத்தஞ்சு ஆகுறப்போ பெரியவளுக்கு என்ன வயசு?"

"பதினஞ்சு."

"பதினஞ்சு வயசுப் பொண்ணு ஸ்கூல் வாசல்ல அப்பா வந்து நிக்கிறத விரும்புவாளா?"

தன் பதினைந்து வயதை நினைத்துப் பார்த்தான். அப்பா எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவான். தனக்கு நாற்பத்தைந்து ஆகிறபோது சின்னவனுக்குப் பதினொன்று. அவனும் பந்தைத் தூக்கிக்கொண்டு நண்பர்களோடு போயிருப்பான். ஆளில்லாத வீட்டுக்குக் காவல் இருப்பதற்கா இத்தனை பாடு என்று தோன்றியது. குடோன் காவலாவது சம்பளத்தோடு கிடைத்திருக்கும்.

மறுநாள் மேனேஜரிடம் போய், புதன்கிழமை சரியாக இருக்குமா என்று கேட்டான்.

அடுத்து ஊராரிடம் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. பஸ் டிரைவரிடம் சொல்வது சுலபம் என்று நினைத்தான். அதுதான் கடினமாகப் போயிற்று. நீ கௌரவத்துக்காகச் சொல்கிறாய் என்றே அவர் பிடிவாதமாக நின்றார். கடைசியில் மேனேஜரே அவரோடு போனில் பேச வேண்டியதாயிற்று. தன் போன்தான் வேலையைக் காப்பாற்றியது என்று பஸ் டிரைவர் இன்றுவரை நம்புகிறார்.

ஆசிரியையிடம் கணவனும் மனைவியும் சேர்ந்தே போனார்கள். துணிப்பையைத் திருப்பிக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, திட்டத்தை விளக்கினார்கள். ஆசிரியைக்கும் முகம் சிவந்துவிட்டது. இரண்டு தரப்பும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டு முடித்ததும், துணி வேறு பிள்ளைக்குப் பயன்படும் என்று வாங்கி வைத்துக்கொண்டார். வாசல்வரை வந்தவர் மெக்கானிக்கை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"நீங்க எப்ப வேணும்னாலும் ரிட்டயர் ஆகுங்க சார். ஆனா முடி வெட்டுறதுல இருந்து மட்டும் இப்பவே ஆகிடுங்க."

முதல் புதன்கிழமை வந்தது. காலையில் பிள்ளைகளைக் கிளப்பி விடுவதற்குள் அவனுக்கு மூச்சு முட்டியது. சின்னவனுக்குச் சட்டை போட்டு முடித்துக் காலுறையை எடுப்பதற்குள் சட்டை கழன்றிருந்தது. ஆளரவம் அடங்கியதும் நாற்காலியில் சாய்ந்தவன், பாத்திரம் கழுவலாம் என்று நினைத்தபடியே தூங்கிப்போனான். விழித்ததும் அடித்துப் பிடித்துப் பள்ளிக்கு ஓடினான்.

பெரியவள் வாசலில் அவனைப் பார்த்ததும், தோழிகள் அத்தனை பேரிடமும் இழுத்துப் போய் அறிமுகப்படுத்தினாள். எங்கள் அப்பா நினைத்தால் எந்த லிஃப்டையும் நடுவழியில் நிறுத்திவிடுவார் என்றாள். நிறுத்துவது தன் வேலை இல்லை என்று அவன் சொல்லிப் பார்த்தான். ஒருவரும் காதில் வாங்கவில்லை. காப்பகத்திலிருந்து சின்னவனையும் கூட்டிக்கொண்டு மூவரும் விளையாட்டுத் திடலுக்குப் போனார்கள். சறுக்கு மரத்தில் பெரியவள் முன்னால், சின்னவன் மடியில், அவன் பின்னால் என்று சறுக்கினார்கள். பாதியில் அவன் இடுப்பு அகலத்துக்குச் சறுக்கு மரம் இடம் கொடுக்கவில்லை. பின்னால் ஏழெட்டுப் பிள்ளைகள் வரிசையில் நின்று, தள்ளுங்கள் தள்ளுங்கள் என்று ஒருவருக்கொருவர் யோசனை சொன்னார்கள்.

கடையிலிருந்து திரும்பிய மனைவி, கழுவாத பாத்திரங்களையும், மண் அப்பிய மூன்று பேரையும் பார்த்தாள். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, தன் கடையிலும் இப்படி ஒரு நாள் கேட்டுப் பார்க்கப் போவதாகச் சொன்னாள். அவன் கேள் என்றான். வியாழக்கிழமையைக் கேட்கட்டுமா, வெள்ளிக்கிழமையைக் கேட்கட்டுமா என்றாள் அவள். எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேச வேண்டும்போல் அவனுக்கு இருந்தது. ஆனால் சின்னவன் அவன் காலைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போயிருந்தான். அதனால் இருந்த இடத்திலிருந்தே, வெள்ளிக்கிழமையே நல்லது என்றான்.