வீட்டம்மா சொல்கிறார்

...நாற்றம்தான், வேறென்ன, இதைப் போய் நறுமணம் என்று எழுதியிருக்கிறோமே, ஒரு தடவையா ரெண்டு தடவையா, 'கதவைத் திறந்ததும் வரவேற்கும் புதுத் தோலின் நறுமணம்' என்று கை கூசாமல் எழுதி, அடுத்த மாதமே அதே வரியைத் தூக்கி இன்னொரு வண்டிக்கும் வைத்து, அதையும் நாலு பேர் பாராட்டி... செத்த மாட்டின் தோலைப் பதப்படுத்தி அதன்மேல் எதையோ பீய்ச்சி வெயிலில் பூட்டி வைத்தால் என்ன வாடை வருமோ அந்த வாடை இது, அடச்சே, தொண்டை வரைக்கும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவர் கண்ணாடியை இறக்கப் பொத்தானைத் தேடினார். பக்கத்து சீட்டில் இருந்த கம்பெனி ஆள் பதறிப்போனான். "சார், சார், கண்ணாடிய எறக்கினா உள்ள இருக்கிற அமைதி தெரியாது சார். அதுதான் நம்ம வண்டியோட ஸ்பெஷல்." அமைதியாம். சொல்லிவிட்டுச் சிரித்தான், மேல் வரிசை கீழ் வரிசை இரண்டும் தெரிய, ஷோரூம் வாசலில் கைகுலுக்கியபோது ஆரம்பித்த சிரிப்பு, இன்னும் மூடவில்லை, அவனுக்கு அப்போதே பல்வரிசை என்று மனதுக்குள் பெயர் வைத்தாயிற்று. கார் பத்திரிகையில் விமர்சனம் எழுதுகிறவரிடம் புது வண்டியை அப்படியே கொடுத்தனுப்ப மாட்டார்களாம், ஆள் ஒருத்தன் கூடவே உட்கார வேண்டுமாம், இன்சூரன்ஸ் விதியாம். நல்ல விதி. அவன் உட்கார்ந்திருக்கும் வரைக்கும் இவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவளிடம் எதுவும் பேச வேண்டியதில்லை, அந்தமட்டுக்கும் பல்வரிசை வாழ்க.

பின்னால் இருப்பது மனைவி. சரியாக அவர் சீட்டுக்குப் பின்னால், அங்கேதான் உட்கார வேண்டும், அதுதான் முறை. டிரைவர் சீட்டைத் தன் உயரத்துக்குத் தள்ளி வைத்துக்கொண்டு, அதற்கு நேர் பின்னால் மனைவியை உட்காரவைத்து, கால் நீட்ட முடிகிறதா, முழங்கால் இடிக்கிறதா, தலை கூரையில் முட்டுகிறதா என்று கேட்டு எழுதுவது இவர் கண்டுபிடித்த வழி. கட்டுரையின் ஓரத்தில் ஒரு பெட்டி, தலைப்பு 'வீட்டம்மா சொல்கிறார்'. கட்டுரையைப் படிக்காதவன்கூடப் பெட்டியைப் படிப்பான். வண்டி கம்பெனிக்காரர்களே போனில் 'மேடம் இந்தத் தடவை என்ன சொல்லப் போறாங்க சார்' என்று குழைவார்கள், கால் நீட்ட இடம் போதவில்லை என்று பெட்டியில் வந்த ஒரு வண்டியின் பின் சீட்டை அடுத்த வருஷமே மாற்றினார்கள் என்று ஒரு பேச்சு உண்டு, அதை இவர் எங்கே போனாலும் சொல்லிக்கொள்வதும் உண்டு. அந்த வீட்டம்மாதான் இன்று காலை குளியலறை வாசலில் வந்து நின்றாள், இவர் கன்னம் முழுக்க நுரையோடு நின்றபோது. "அந்த ஊர் ஆஸ்பத்திரியிலேர்ந்து சொல்லிட்டாங்க. கண் பிரிவை முழுசா என்கிட்டயே விடறாங்களாம். சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். நீங்க என்ன சொல்றீங்க?" அந்த ஊர் என்றால் பக்கத்துத் தெருவா, ராத்திரி ரயிலேறினால் விடிந்து இறங்க வேண்டிய ஊர். இவர் என்ன சொன்னார்? "வண்டிய ஓட்டிப் பாத்துட்டு வந்து பேசிக்கலாம்." வழவழவென்று ஒரு பதில், நுரையைவிட வழவழப்பு, இப்போது நினைத்தாலும் வாய்க்குள் சோப்பு கசந்தது. முடியாது என்று சொல்லும் வழக்கமே இவருக்குக் கிடையாது, பார்க்கலாம் என்பார், அப்புறம் என்பார், அந்த விஷயம் தானாகச் சோர்ந்து படுத்துவிடும். சாயங்காலம் வரைக்கும் இழுத்தால் போதும், ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு வேறு ஆளா கிடைக்காது...

வெளிவட்டச் சாலை வந்துவிட்டது. மிதித்தார். வண்டி உறுமியது, கனமான, ஆழமான உறுமல், வயிற்றில் போய் இறங்குகிற மாதிரி. நல்லாத்தானே இருக்கு என்று நினைக்கும்போதே காது சொல்லிவிட்டது, இது முன்னாலிருந்து வரவில்லையே, கதவிலிருந்தல்லவா வருகிறது. "இந்த சத்தம் எங்கேர்ந்து வருது?" பல்வரிசைக்கு ஒரே பெருமை. "ஸ்பீக்கர்லேர்ந்து சார். இன்ஜின் சத்தம் உள்ள வராம முழுசா அடைச்சுட்டோம். ஆனா கஸ்டமர் சத்தம் வேணும்கறாங்க. அதான் தனியா ரெக்கார்ட் பண்ணி..." நிஜ சத்தத்தைக் கழுத்தை நெரித்துவிட்டுப் பொய் சத்தத்தைக் குழாய் வைத்து ஊட்டுகிறான்கள், அதையும் வெட்கமில்லாமல் சொல்கிறான், இதற்குக் கஸ்டமர் கேட்டார் என்று ஒரு சாக்கு. கண்றாவி. டேஷ்போர்டு முழுக்கக் கறுப்புப் பளபளப்பு, தொட்ட இடமெல்லாம் விரல் ரேகை, முன்னால் ஓட்டிப் பார்த்த பத்து பேருடைய எண்ணெய் பிசுக்கும் அதில் வரிசையாக இருந்தது, போதாக்குறைக்குப் பட்டப்பகலில் கால் பக்கத்தில் ஊதா விளக்கு. திடீரென்று முதுகில் ஏதோ உருண்டது, முன்பின் தெரியாத எவனோ பின்னால் நின்று முழங்கையால் தேய்ப்பதுபோல, அவர் துள்ளிவிட்டார். "மசாஜ் சார்! நான்தான் ஆன் பண்ணேன்." நிறுத்துய்யா முதல்ல. நிறுத்தினான், சிரித்துக்கொண்டே. அதற்குள் டேஷ்போர்டுத் திரைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், தேனில் முக்கி எடுத்த குரல், நீங்கள் களைப்பாக இருக்கிறீர்கள், சற்று ஓய்வெடுக்கலாமே என்றது. இவளிடம் யார் கேட்டது? வீட்டில் ஒருத்திக்கே பதில் சொல்ல முடியவில்லை. அவர் நடுக் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். மனைவி ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் ஏதோ ஒரு புள்ளியைப் பார்த்தபடி, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோபமா? எப்போதும் வண்டியில் அப்படித்தான் உட்காருவாள், நிமிர்ந்து, அசையாமல், கவனமாக. அந்தக் கவனத்தைப் பற்றிக்கூட ஒருமுறை பெட்டியில் எழுதியிருக்கிறார், வாசகர்கள் உருகினார்கள். "கால் நீட்ட முடியுதாம்மா? இடம் இருக்கா?" என்று கேட்டார். "இருக்கு" என்றாள். முடிந்தது, பெட்டிக்குப் பாதி ஆயிற்று. 'கால் மேல் கால் போட்டு ராணிபோல் வந்தேன் என்கிறார் வீட்டம்மா'... போடலாம், போட்டால் யார் கேட்கப் போகிறார்கள். அவள் கேட்க மாட்டாள், அவள் பத்திரிகையைப் படிப்பதே இல்லை, ஒருநாள் முழுக்க 'இந்தக் கண்ணாடியில தெளிவா தெரியுதா, இதுலயா' என்று ஊரார் கண்ணைப் பார்த்துவிட்டு வருகிறவளுக்குப் படிக்க எங்கே நேரம்.

மேம்பாலம் தாண்டி, மரத்தடியில் ஓரமாக நிறுத்தினார்கள், பல்வரிசை படம் எடுக்க வேண்டுமாம். மனைவி கதவு திறந்ததும் இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்று நாலைந்து தடவை மூச்சை இழுத்து விட்டாள். அவன் அவளிடம் போனான், குழைந்தான். "மேடம், பின் சீட் எப்படி? பெட்டியில நம்மளுக்கு எத்தனை மார்க் மேடம்?" அவள் சிரித்தாள், சாதாரணமாக, பக்கத்து வீட்டுப் பையனிடம் பேசுகிற மாதிரி. "எனக்குப் பின் சீட்டே ஆகாது தம்பி. ஏறினா குமட்டும். எந்த வண்டியா இருந்தாலும் இதே கதைதான், தூரத்துல ஒண்ணப் பாத்துக்கிட்டே உட்கார்ந்திருப்பேன், இல்லேன்னா வாந்தி." பல்வரிசையின் சிரிப்பு முதல்முறையாக ஒரு கணம் மூடியது. அவன் இவரைப் பார்த்தான். இவருக்குக் காது அடைத்துக்கொண்டது. எந்த வண்டியா இருந்தாலும். அப்படியானால் அந்தப் பச்சை வண்டி, மலைப்பாதையில் கூட்டிப்போனாரே, 'குழந்தையைத் தொட்டிலில் இட்டதுபோல்' என்று எழுதினாரே, அது? அந்த வெள்ளைப் பெரிய வண்டி, வீட்டம்மாவே தன் வாயால் புகழ்ந்தார் என்று அட்டையிலேயே போட்டார்களே? எல்லாம் வாயை இறுக்கி மூடிக்கொண்டா? "ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார். அவள் புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்தாள். "இடம் இருக்கா, கால் நீட்ட முடியுதான்னுதானே கேப்பீங்க? இடம் இருந்துச்சு. இருக்குன்னேன்." அவ்வளவுதான். குத்தலாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை, சண்டை போடலாம். உள்ளதைச் சொன்னாள், கண்ணில் எத்தனை பவர் என்று சொல்கிற மாதிரி.

பல்வரிசைதான் ஆரம்பித்து வைத்தான், நிலைமையைச் சமாளிக்கிறானாம். "மேடத்துக்கு லைசென்ஸ் இருக்குல்ல? அப்ப நீங்க ஓட்டுங்களேன் மேடம்! ஓட்டறவங்களுக்குக் குமட்டாது." வேண்டாம் என்று சொல்ல இவர் வாயெடுப்பதற்குள் அவள் சரி என்றுவிட்டாள், சுற்றிப்போய் ஏறி, சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடிகளைத் தனக்கு வேண்டியபடி திருப்பி... அந்தச் சின்னச் சத்தங்கள், கிர்ர், கிர்ர், ஒவ்வொன்றும் இவரை வெளியே தள்ளுவதுபோல் இருந்தது. பல்வரிசை பழையபடி முன்னால் ஏறிக்கொள்ள, இவருக்கு மிச்சமிருந்த இடம் பின்னால். யோசித்துப் பார்த்தால், ஓடுகிற வண்டியில் பின் சீட்டில் இவர் உட்கார்ந்ததே கிடையாது, நிற்கிற வண்டியில் ஏறி, கை நீட்டி அளந்துவிட்டு இறங்கியதுதான் உண்டு. வண்டி கிளம்பியது. மென்மையாக எடுத்தாள், நன்றாகவே ஓட்டினாள், இவர் எங்கே உதறுவாரோ அங்கே அவள் உதறவில்லை. முன்னால் தெரிந்தது சீட்டின் முதுகு, கறுப்புத் தோல், அதன் மேலே அவள் பின்னந்தலையில் கொஞ்சம், ஒரு காது. சாலை தெரியவில்லை. வளைவு எப்போது வரும் என்று தெரியவில்லை, வந்த பிறகு வயிறுதான் சொன்னது. பஞ்சுமாதிரி சஸ்பென்ஷன், பள்ளத்தில் இறங்கி, ஏறி, இன்னும் ஒருமுறை தேவையில்லாமல் ஆடி... இதற்குத்தான் எல்லாருமாகச் சேர்ந்து மிதப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம், மிதப்பு, த்தூ. அந்த நாற்றம் இங்கே இன்னும் கெட்டியாக இருந்தது. பொய் உறுமல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. நெற்றியில் குளிர்ந்த வேர்வை துளிர்த்தது, வாயில் எச்சில் ஊறியது, விழுங்கினார், மறுபடியும் ஊறியது. தூரத்தில் ஒண்ணப் பாத்துக்கிட்டே இருக்கணும் என்றாளே, எதைப் பார்ப்பது, எல்லாம் ஓடுகிறது.

முன்னால் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவனிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள், அந்த ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கென்று தனி அறை கட்டுகிறார்களாம், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்க் கண் பார்க்கப் போகிறாளாம், கரும்பலகை தெரியாத பிள்ளையை மக்கு என்று உட்கார வைத்துவிடுகிறார்களாம், அதை நினைத்தால் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருமாம். இதெல்லாம் இவருக்குத் தெரியாது. சொன்னதில்லையா, இவர் கேட்டதில்லையா? "சூப்பர் மேடம்" என்றான் பல்வரிசை, நிஜமாகவே சொன்னமாதிரி இருந்தது, அந்தப் பல்லைப் பிடுங்கிப் போடலாமா என்றிருந்தது. பிறகு அவன், ஸ்பீக்கர் பெருமையைக் காட்டத்தான், அவள் போனை வாங்கி வண்டியோடு இணைத்தான். ஒரு பாட்டுப் போடுவதற்குள் போன் அடித்தது, வண்டி முழுக்க அடித்தது. திரையில் தொட்டாள். ஒரு பெண்மணியின் குரல், ஆஸ்பத்திரி நிர்வாகி, ஒவ்வொரு கதவிலிருந்தும் வந்தது. "மேடம், சாயங்காலம் வரைக்கும் பொறுக்க முடியல, நானே கூப்பிட்டுட்டேன். என்ன முடிவு பண்ணீங்க?" சிக்னல் சிவப்பில் அவள் நிறுத்தினாள், வண்டி நின்ற பிறகும் இவர் வயிறு ஒருமுறை முன்னால் போய் வந்தது. இப்போது சொல்லிவிட வேண்டும், அப்புறம் பேசறேன்னு சொல்லு என்று, ஒரே வார்த்தை, வழக்கமான வார்த்தை... "வரேன் மேடம். ஒண்ணாம் தேதி சேந்துடறேன்." அவள் குரல் நடுங்கவில்லை. அந்தக் குரலை இவர் கேட்டதே இல்லை, நோயாளிகள் தினமும் கேட்கிற குரலாக இருக்கும்.

"ரொம்ப சந்தோஷம் மேடம்! ஒரே ஒரு விஷயம், குவார்ட்டர்ஸ் ஒதுக்கணும். சின்ன வீடா, குடும்பத்துக்கான வீடா? தங்கப் போறது நீங்க மட்டுமா, சாரும் வராரா?" பல்வரிசை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான், போனை இணைத்த கையை மடிக்குள் வைத்துக்கொண்டான். அவள், "ஒரு நிமிஷம் மேடம்" என்றாள். நடுக் கண்ணாடியில் அவள் கண்கள் வந்தன, இவரைப் பார்த்தன. காலையிலிருந்து இவர் அவளை அனுப்புவதா வேண்டாமா என்றே உருட்டிக்கொண்டிருந்தார், எப்படி இழுப்பது, எப்படித் தட்டிக்கழிப்பது... தான் எங்கே இருக்கப் போகிறோம் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லையே. எழுதுகிறவனுக்கு எந்த ஊராக இருந்தால் என்ன, மகளும் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், இங்கே என்னதான் இருக்கிறது, வாரத்துக்கொரு வண்டி, இந்தக் கறுப்புத் தோல், இந்த நாற்றம். அவள் கண்ணில் கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை, விடை எதுவானாலும் குறித்துக்கொள்ளத் தயாராக இருந்தாள். பச்சை விழுந்தது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. அவள் வண்டியை எடுக்கவில்லை. இவர் எச்சிலை விழுங்கினார், வயிற்றிலிருந்து ஏதோ மேலே மேலே ஏறி வந்துகொண்டிருந்தது, வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவருக்கே தெரியவில்லை.