ஜன்னல் மூலையைப் பார்த்த ஸ்பீக்கர்கள்

லீவுக்கு வந்திருந்த தம்பி சோபாவில் சாய்ந்து பாட்டைக் கேட்டான். அரை நிமிஷத்தில் முகத்தைச் சுளித்தான். தியேட்டரில் சவுண்டு ஆபரேட்டர் அவன். பாடகியின் குரல் எதிரே வந்து நிற்காமல் ஜன்னல் பக்கம் ஒதுங்கினால் அவனுக்குச் சோறு இறங்காது.

"இவ்ளோ பெரிய செட்டு வாங்கி இப்படிக் கோணலா வச்சிருக்காரே மாமா. காதை அடகு வச்சுட்டாரா?"

"தொடாதடா. அவர் வந்தா குதிப்பாரு," என்றாள் அக்கா.

சொல்லி வாய் மூடவில்லை, இடது ஸ்பீக்கரை இழுத்துவிட்டான். வலதுபக்கத்தில் கை வைத்தவன் நின்றான். அதன் பின்பக்க அடியில் மரத்துண்டு கொடுத்து, முகத்தைத் தரைப்பக்கம் சாய்த்திருந்தது.

"இது கோணல் இல்லக்கா. பாத்துப் பாத்து வச்சிருக்காரு. ரெண்டுமே அந்த ஜன்னல் மூலையைத்தான் பாத்துச்சு. அதுவும் கீழ, முழங்கால் உயரத்துக்கு. அங்க யாரு உக்காருவா?"

யாரும் உட்காருவதில்லை. முன்பு அங்கேதான் பாப்பாவின் கட்டில் இருந்தது. மூச்சுக்குத் திணறிய ராத்திரிகளிலெல்லாம் "அப்பா, பாட்டு" என்று பிள்ளை கேட்டது அந்தத் தலையணையிலிருந்துதான்.

பாப்பா போன மறுவாரமே கட்டிலைக் கழற்றி யாருக்கோ கொடுத்துவிட்ட மனுஷன். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அதற்கப்புறம் பிள்ளையைப் பற்றி வாயே திறந்ததில்லை. கல்நெஞ்சுக்காரர் என்று முகத்துக்கு நேரே எத்தனை தரம் சொல்லியிருப்பாள்! எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, பஸ் ஓட்டிவிட்டு வந்து, பாட்டை மூலைக்கு அனுப்பிவிட்டு, சோபாவில் அந்தக் கோணல் சத்தத்தோடு உட்கார்ந்திருந்திருக்கிறார். அட பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

"இருந்த மாதிரியே வைடா."

"எங்க இருந்துச்சுன்னே தெரியலயேக்கா. தரையில ஒரு அடையாளமும் இல்ல."

இருந்தது. பென்சில் கோடுகள். அழுக்கென்று தேய்த்துத் தேய்த்து அழித்தவள் இவள்தான். ஒவ்வொரு தரமும் அவர் பேசாமல் மறுபடி போட்டு வைப்பார். இன்று காலையும் அழித்திருந்தாள்.

அவர் வரும் நேரம் ஆகிவிட்டது. மிச்சமிருந்த ஒரே இடத்திலிருந்தும் பிள்ளையைத் துரத்திவிட்டோம் என்று அவளுக்குப் பதறியது. ஓடிப்போய் மூலையில் தரையில் அமர்ந்தாள். தலையணை இருந்த உயரத்துக்குத் தலையைத் தாழ்த்தினாள்.

"நீ நகர்த்து. நான் சொல்றேன்."

தம்பி கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினான். குரல் இந்தப் பக்கம் ஓடியது, அந்தப் பக்கம் ஓடியது. "இன்னும்... இன்னும் கொஞ்சம்டா..." சட்டென்று நின்றது. பாடகி எதிரே குனிந்து, இவளுக்கு மட்டும் பாடினாள். பக்கத்தில் யாரோ இழுத்து இழுத்து மூச்சு விடுவதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

கதவு திறந்தது. அவர் மச்சினனைப் பார்த்தார், ஸ்பீக்கர்களைப் பார்த்தார், தரையில் இருந்தவளைப் பார்த்தார். கத்தப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள்.

அவர் மூலைக்கு வந்து குந்தினார்.

"கொஞ்சம் தள்ளிக்கோ," என்றார். "பாப்பாவுக்கு நெருக்குது."

அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவர் நடுவில் இடம் விட்டு மறுபக்கம் உட்கார்ந்தார். தம்பி சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தான்.